இறக்கி வை

எங்கள் குழுவின் பொது ஃபோல்டரில் 'பைனல்' என்று ஒரு வரைபடம் இருந்தது. அதன் பக்கத்தில் 'பைனல் புதுசு'. அதற்குக் கீழே 'பைனல் இதுதான் யாரும் தொடாதீங்க'. அதையும் ஒருவர் தொட்டுத் திருத்தி, 'பைனல் இதுதான் யாரும் தொடாதீங்க வாசுகி திருத்தியது' என்று சேமித்திருந்தார். இவற்றில் எதை வைத்துப் பம்பு செய்து வெளியே அனுப்பினீர்கள் என்று கேட்டால், இதில் எதுவுமே இல்லை, சென்னியப்பன் சார் தன் லேப்டாப்பில் தனியாக வைத்திருக்கும் ஒன்று என்று பதில் வரும்.

இந்தக் குப்பையை அடுக்குவதுதான் என் உத்தியோகம். பெயர் நிரஞ்சனா. கோவை காளப்பட்டி ரோட்டில், தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் பம்பு வடிவமைக்கும் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். குழுவில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் எல்லாமே கிளவுடில்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எங்கேயாவது போட்டுவிட்டுப் போவார்கள். கேட்டால், தேடினால் கிடைக்கும் அக்கா என்பார்கள். நானோ வீட்டில் மசால் டப்பாக்களுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டி வைத்திருப்பவள். என்னைக் கட்டிக்கொண்டவர் அதைத் தாங்காமல்தான் போய்விட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஏன் கிடையாது என்பதும் இதில் வரும்.

ஃபைல் என்றால் வரைபடம் மட்டும் அல்ல. சில வருஷங்களுக்கு முன் எங்கள் எல்லோருக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள். ஹேர்பேண்டு போல இருக்கும். காதுக்குப் பின்னால் அழுத்தி உட்காரும். ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டு திரையில் இருக்கும் பட்டனை அழுத்தினால், அந்த ஞாபகம் தலையிலிருந்து கிளவுடுக்குப் போய்விடும். தலையில் தலைப்பு மட்டும் மிஞ்சும். கோபி ஊர்ப் பக்கம் போய் ஒரு பம்பு ஏன் அதிர்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவர், பார்த்ததையும் கேட்டதையும் இப்படிப் போட்டு வைப்பார். குழுவில் இன்னொருவர் பட்டையை மாட்டிக்கொண்டு அந்த ஃபைலைத் திறந்தால், தானே அங்கே நின்று பார்ப்பதாக இருக்கும். மூடிவிட்டால் சினிமா பார்த்த அளவுக்கு நினைவிருக்கும். போட்டவருக்கே மறுபடியும் வேண்டுமென்றால் 'ஏற்றிக்கொள்' என்று இன்னொரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ஞாபகம் பழையபடி தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஆடி மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிளவுடில் எங்கள் இடம் நிறைந்துவிட்டதாம். எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஃபைலும் ஏதாவது ஒரு பம்பின் எண்ணுக்குக் கீழே போக வேண்டும். எந்தப் பம்புக்கும் சேராதது அழிக்கப்படும். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த மாதிரி உத்தரவுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபோல்டரைத் திறந்து எடை பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வரைபடங்கள் ஒரு மூலைக்குக் காணாது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை ஞாபக ஃபைல்கள். அவற்றின் பெயர்களைப் படித்தேன். 'அம்மா ஐசியூ'. 'தம்பி பாகப்பிரிவினை'. 'மூணாவது தடவையும் இல்லைன்னு டாக்டர் சொன்னது'. 'ஜிம்மி'. ஜிம்மி ஒருவேளை நாயாக இருக்கலாம். எதுவும் பம்பு இல்லை.

பட்டையைக் கொடுத்த மென்பொருள் கம்பெனியின் சென்னை ஆபீசில் பர்வீன் என்று ஒரு பெண், எங்களுக்கு உதவிக்கு இருந்தாள். அவளை அழைத்தேன். எங்கள் ஃபோல்டர் ஏன் இப்படி வீங்குகிறது என்ற சந்தேகம் அவளுக்கும் முன்பே இருந்திருக்கிறது. புனேயில் இருக்கும் குழுவில் எங்களைப் போல இரண்டு மடங்கு ஆட்கள், அவர்கள் ஃபோல்டர் எங்களுடையதில் கால்வாசிகூட வராது என்றாள். நான் சில பெயர்களைப் படித்துக் காட்டினேன்.

"மேடம், உங்க ஸ்கிரீன தமிழ்ல வச்சிருக்கீங்களா?"

ஆமாம், எல்லோருமே அப்படித்தான் என்றேன்.

"அந்தப் பட்டன்ல என்ன எழுதியிருக்கு?"

"இறக்கி வை."

"அப்படியா போட்டு வச்சிருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "மத்த ஊர்ல எல்லாம் அது வெறும் 'சேமி'தான் மேடம். யாரோ அவசரத்துல மொழிபெயர்த்துக் குடுத்திருக்காங்க."

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. இலக்கணப்படி சரிதான். தலையில் இருப்பதை எடுத்துக் கீழே வைப்பதற்கு வேறென்ன சொல்வது? ஆனால் நம் ஊர் ஆளிடம் 'இறக்கி வை' என்றால் அவர் பம்பைப் பற்றியா நினைப்பார்? பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துவிட்டு, மனதில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிடு என்று சொன்னால் நாம் எதைச் சொல்லி அழுவோமோ, அதைத்தான் எங்கள் குழு அந்தப் பட்டனிடம் சொல்லியிருந்தது. முதலில் செய்தது யார் என்று தெரியவில்லை. டீ குடிக்கும் இடத்தில் யாரோ யாரிடமோ, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் பட்டையை மாட்டிக்கொண்டு அதை அழுத்திப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். அது பலித்திருக்கிறது. நடந்தது தெரியும், ஆனால் வலிக்காது. செய்தித்தாளில் படித்த மாதிரி ஆகிவிடும்.

என்னுடையதும் ஒன்று அங்கே இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது தெரியும். அவர் பெயர் தெரியும். ஒருநாள் பெட்டியோடு கிளம்பினார் என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொடியில் ஒரு துணியை இழுத்தால் பக்கத்துத் துணியும் சேர்ந்து விழுமே, அப்படி அந்த ஒரு நாளோடு சேர்ந்து மற்ற நாட்களும் போய்விட்டன. நல்ல நாட்களும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அதனால்தான் எங்கள் ஆபீசில் சண்டை கிடையாது. வெளியூரிலிருந்து வருபவர்கள், எவ்வளவு அமைதியான குழு என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். யாரும் யாரிடமும் கோபப்பட மாட்டோம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால் எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவோம்.

பர்வீன் விதியைச் சொன்னாள். சொந்த ஞாபகங்கள் இனிமேல் பொது ஃபோல்டரில் இருக்கக் கூடாது. உரியவர் ஏற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று அழுத்தினால் போதும். அது உரியவர் இல்லாத ஃபைல்களோடு சேர்ந்து, ஆடி கடைசி வெள்ளியன்று தானாக அழியும். அழிந்தது அழிந்ததுதான், யாராலும் மீட்க முடியாது.

ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். வாசுகி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வளைகாப்பில் மாமியார் சொன்ன ஏதோ ஒரு வார்த்தை அங்கே இருந்தது. திறந்து பார்க்கிறாயா என்றேன். வேண்டாம் அக்கா, என்ன சொன்னார் என்பதே மறந்துவிட்டது, அழித்துவிடுங்கள் என்று சொல்லி, எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தாள். மற்றவர்களும் அப்படியே. பழைய காலண்டரைத் தூக்கிப் போடவா என்று கேட்டதற்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார்கள். ஐசியூவில் அம்மாவை வைத்திருந்தவர், அந்த ஃபைல் இன்னுமா இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என்னுடையதற்கும் நானே 'வேண்டாம்' கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

இப்படியே முடிந்திருக்கும். 'கே.என். இறுதிச் சோதனை' என்ற ஃபைல் மட்டும் இடித்தது. எங்கள் பம்புகளுக்கு எழுத்துகளில்தான் பெயர். கே.டி. உண்டு, கே.எம். உண்டு, கே.என். என்று நாங்கள் எதையும் செய்ததில்லை. போட்டவர் சென்னியப்பன் சார். குழுவின் தலைவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பம்பின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லக்கூடியவர். கைவிடப்பட்ட ஏதோ ஒரு மாடலாக இருக்கும், பாதுகாக்க வேண்டியதாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். பட்டையை மாட்டிக்கொண்டு திறந்தேன்.

நான் சென்னியப்பனாக இருந்தேன். காலை நேரம். காதில் போன், தாராபுரத்தில் ஒரு மோட்டார் சூடாகிறது என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் பை, ஈரத்தலை. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, போறேன்."

அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அவள் வேண்டுமென்றே போறேன் என்பாள். என்ன சொல்லோணும் என்று நான் அதட்ட வேண்டும். வரேன் என்று அவள் இழுத்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சாவு வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது, ஏப்பா அவங்க கிட்ட வரேன்னு சொல்லல என்று கேட்டாள். எழவு வீட்டுல மட்டும் சொல்லக் கூடாது கண்ணு, மத்த எல்லா எடத்துலயும் சொல்லோணும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் அந்தக் காலையோடு சேர்ந்து அங்கே இருந்தது. தொட்டிலில் அவள் முகம் சிவந்து கிடந்தது, பென்சிலைக் கடிப்பது, காய்ச்சலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கியது, எல்லாமே.

அன்றைக்கு நான் அதட்டவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. அதை நான் எழுதப் போவதில்லை.

பட்டையைக் கழற்றியபோது என் துப்பட்டா நனைந்திருந்தது. அழுகை நின்றுவிட்டது, ஃபைலை மூடினால் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அழுதோம் என்பது நினைவிருந்தது. எத்தனை வருஷம் கழித்து அழுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. பயமாக இருந்தது, அதைவிட, இன்னொரு முறை திறக்க வேண்டும் போலவும் இருந்தது. அதை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது.

கனிஷ்கா. கே.என். என்றால் அவள்தான். சார் மேஜையில் அவள் படம் இருக்கும். புதிதாக வருபவர்கள் கேட்டால், எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க, தவறிப்போச்சு என்பார், இன்றைக்கு மோட்டார் ஓடவில்லை என்கிற அதே குரலில். முதலில் கேட்பவர்கள் திகைத்துப்போவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் மனைவி சரோஜினி அக்காவுக்குப் பழகவில்லை. அவரிடம் பட்டை கிடையாது. ஒரே வீட்டில் தான் மட்டும் அழுதுகொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அக்கா காங்கேயத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் டீ குடிக்கும் இடத்தில் சாரைப் பிடித்தேன். கே.என். பற்றிக் கேட்டேன்.

"அதுங்களா. அது பம்பு இல்லீங்க அம்மணி, எங்க புள்ளைது. பேரு மாத்தி வெச்சுட்டனாட்ட இருக்குது. அழிச்சிருங்க."

அழித்தால் திரும்ப வராது என்றேன். போனில் இருக்கும் வீடியோக்களில் அவள் குரல் இருக்கும், ஆனால் அதைக் கேட்டால் உங்களுக்கு யாரோ ஒரு பெண் பேசுவதாகத்தான் இருக்கும் என்றேன். ஏற்றிக்கொண்டால் அக்காகூடத் திரும்பி வரலாம் என்றேன். நான் ஆபீசில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீ டம்ளரைக் கழுவி வைத்தார்.

"அவ நான் அழுவோணும்ங்கறாளுங்க. தப்பில்லீங்க. வராதத எப்படிங்க அழுவறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "இறக்கி வெக்கறதுக்கு முந்துன நாளு நான் ரயில்வே கேட்டுக்கிட்ட தண்டவாளத்து மேல நின்னுட்டு இருந்தனுங்க. கேட்காரர் வந்துதான் இழுத்துட்டுப் போனாரு. எதுக்கு நின்னேன்னு இப்ப நெனச்சா எனக்கே வெளங்கறதில்லீங்க. ஆனா நின்னது நெசம். மறுபடியும் ஏத்திக்கிட்டா, இந்தத் தடவ யாருங்க இழுப்பாங்க?"

அவர் தன் இடத்துக்குப் போய் 'வேண்டாம்' அழுத்தினார். என் திரையில் கே.என். உரியவர் இல்லாத ஃபைல்களின் வரிசையில் போய்ச் சேர்ந்தது, வாசுகியின் மாமியாருக்கும் ஜிம்மிக்கும் நடுவில்.

அவர் சொன்னது நியாயம்தான். ஏற்றிக்கொண்டால் ஆள் போய்விடுவார். அழித்தால் அவருக்குள் இருந்த பிள்ளை போய்விடும். இப்போது இல்லாவிட்டாலும் ஐந்து வருஷம் கழித்து, பத்து வருஷம் கழித்து, தாங்கிக்கொள்ளும் தெம்பு வந்து அவர் கேட்டால் கொடுப்பதற்கு எங்காவது இருக்க வேண்டாமா? எதையும் அதனதன் இடத்தில் வைத்தே பழகியவளுக்கு, இதற்கு ஓர் இடம் இல்லை என்பதைப் பொறுக்க முடியவில்லை. என் தன்மை அது. கூடவே இன்னொன்றும் உண்டு. அந்த ஒருமுறை அழுததை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டில் எது என்னை அதிகம் தள்ளியது என்று கேட்டால் இன்றுவரை நேர்மையாகச் சொல்லத் தெரியாது.

பர்வீனை மறுபடி அழைத்தேன். ஒரு சொந்த ஞாபகத்தைப் பொது ஃபோல்டருக்கு வெளியே வேறு எங்காவது வைக்க வழியுண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"ஃபைலுக்கு ஒரு ஓனர் வேணும் மேடம். பழைய ஓனர் வேண்டாம்னு சொல்லிட்டா, டீம்ல வேற யாராச்சும் பேரப் போட்டு எடுத்துக்கலாம். ஆனா அது ஓனரோட தலைக்குத்தான் போகும். வேற எடமே கெடையாது."

"அந்த ஓனர் அதப் பாக்காதவரா இருந்தாலுமா?"

"சிஸ்டத்துக்கு என்ன தெரியும் மேடம்? ஓனர்னா ஓனர்தான்." கொஞ்சம் தயங்கி, "யாருமே அப்படி எடுத்ததில்ல," என்றாள்.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பழைய ஓனர் தானாகக் கேட்டால் முடியும் என்றாள். நாமாகத் தள்ளிவிட முடியாது.

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. ஆபீசில் எல்லோரும் கிளம்பும் நேரம். கே.என். ஃபைலில் உரியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஏற்றிக்கொள் என்ற பட்டனை அழுத்தினேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒழுங்காக நடந்துதான் போனேன். அங்கே ஒரு பெண் பிள்ளை ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. யாரோ ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள்.

துக்கம் என்பதை நான் இடம் மாற்றக்கூடிய ஒரு சாமான் என்று நினைத்திருந்தேன். அது வந்ததும் என் வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டது. பெயர் ஒட்டிய டப்பாக்களின் முன்னால் நின்று எதைச் சமைக்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பெறாத பிள்ளைக்காக மார்பு வலித்தது. அப்பாவாக இருந்தவர் தூக்கிய அந்தக் கை என் கைதான். அதை எத்தனை முறை கீழே இறக்கிப் பார்த்தேன், போனை எத்தனை முறை தூக்கி வீசிவிட்டு என்ன சொல்லோணும் என்று அதட்டினேன். அவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சரோஜினி அக்காவுக்குப் போன் செய்யக் கை பரபரத்தது. உன் பிள்ளைக்கு நானும் அழுகிறேன் என்று எந்த உரிமையில் சொல்வது?

வேலைக்குப் போகவில்லை. வாசுகி அழைத்துக் கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒரு சாவு என்று சொன்னேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னியப்பன் சார் துக்கம் விசாரிக்க வந்தார். குழுவின் சார்பாக அவர்தான் வருவார் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்றோ. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எதுவும் பேசாமல் கை குவித்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கழுத்துக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது எனக்குத் தெரியும். அவள் தோளில் ஏறி உட்காரும்போதெல்லாம் அதை அமுக்கி ஹார்ன் அடிப்பாள். அவருக்கு இப்போது அது தெரியாது.

சாவு வீட்டில் கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டார். உங்களுக்கு என்ன வேணும்ங்க என்றார். மகள் முறை என்றேன். அக்கா பொண்ணுங்களா என்றார். தலையை ஆட்டினேன். எப்படி ஆச்சு என்றார். காலையில் ஸ்கூட்டரில் காலேஜுக்குக் கிளம்பினாள் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சின்ன வயசு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"பேரென்னங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கனிஷ்கா."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"எம் புள்ளைக்கும் அந்தப் பேருதானுங்க," என்றார். "அப்பெல்லாம் நெறையப் பேரு வெச்சாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மனைவி எவ்வளவு அழுதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற மனிதர், இங்கேயும் அப்படியே நின்றார். பிறகு கையை என் தலையில் வைத்தார். அந்தக் கையை நான் உள்ளேயிருந்து அறிவேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலையில் அது ராத்திரி முழுக்க இருந்தது.

"இப்படியே அழுதா ஒடம்பு என்னத்துக்கு ஆகுமுங்க? இறக்கி வெச்சிருங்க அம்மணி," என்றார். "நானும் அப்படித்தாஞ் செஞ்சேன். ஒண்ணும் தெரியறதில்லீங்க."

புது இடத்துக்கு மாறியபோது அந்தப் பட்டனை எடுத்துவிட்டார்கள், இப்போது வெறும் 'சேமி' என்றுதான் இருக்கிறது, சொந்த ஞாபகத்தை வாங்காது என்று சொன்னேன். அடடா என்றார். அந்த ஃபைலை அழித்துவிட்டீர்களா என்று ஒருவேளை கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தண்ணீர் குடித்தார். ஆபீசில் வரைபடங்கள் எல்லாம் இப்போது தேடாமலே கிடைக்கின்றன, எல்லோரும் உங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நிதானமாகத் திரும்பி வந்தால் போதும், அவசரமில்லை என்றார்.

வெளிச்சம் மங்கும்போது எழுந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். எதுவும் சொல்லவில்லை. எனக்குள்ளே ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவரை என்னால் அடக்க முடியவில்லை.

"வரேன்னு சொல்லிட்டுப் போங்க," என்றேன்.

ஒரு செருப்பில் கால் நுழைந்தபடி நின்று திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பிள்ளைக்குச் சொல்லித் தருவது போலத்தான் சொன்னார்.

"எழவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்க அம்மணி. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலீங்களா?"

"சொல்லித் தந்திருக்காங்க."

"யாருங்க?"

"அப்பா."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல மனுசருங்க," என்றார். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.